வேக்ஃபீல்டிலிருந்து போன கடிதங்கள்

அன்புள்ள யாழினி,

நோயாளியைப் பார்ப்பதைவிட, பார்த்து முடித்தபின் எழுத வேண்டிய கடிதம்தான் பெரும்பாடாக இருக்கிறது என்று போனில் சொன்னாய். எங்கள் காலத்தில் ஓ.பி. சீட்டில் நாலு வரி, மாத்திரை பெயர், அடுத்து வரவேண்டிய தேதி, அவ்வளவுதான். அங்கே இங்கிலாந்தில் ஒவ்வொரு முறையும் குடும்ப டாக்டருக்கு முழுக் கடிதம் போக வேண்டும், அதையும் இப்போது நோயாளிக்கே நேராக எழுதச் சொல்கிறார்கள் என்றாய். எப்படி எழுதுவதும்மா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ இருக்கும் வேக்ஃபீல்டிலேயே இந்த விஷயத்துக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. பின்னாளில் ஸ்டான்லி ராய்ட் என்று பெயர் மாறி, 1995-ல் மூடப்பட்ட மனநல மருத்துவமனையைப் பற்றி அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள். 1818-ல் ஏழை நோயாளிகளுக்காகத் திறந்தது. 1866-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் கிரைட்டன் பிரவுனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய அப்பாவும் இதே துறை. ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் ஊரின் மனநல மருத்துவமனையை நடத்தியவர். பையன் வளர்ந்தது அந்த வளாகத்தில்தான், உன்னைப் போல குவார்ட்டர்ஸ் பிள்ளை.

1869-ல் இவருக்கு சார்ல்ஸ் டார்வின் கடிதம் போட்டார். மனிதரும் விலங்கும் உணர்ச்சியை முகத்தில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுத அவர் தகவல் சேர்த்துக்கொண்டிருந்த சமயம். மனநோயாளிகள் உணர்ச்சியை அடக்கிவைப்பதில்லை, ஆகவே அவர்களைக் கவனித்தால் தெளிவு கிடைக்கும் என்று நினைத்தார். ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநல மருத்துவரிடம் கேட்டார், அவர் கிரைட்டன் பிரவுனைக் கைகாட்டிவிட்டார். கென்ட்டில் தன் வீட்டிலிருந்து டார்வின் கேள்வி அனுப்புவார்: துக்கத்தில் புருவம் எப்படிப் போகிறது? பயத்தில் முடி சிலிர்க்கிறதா? முகம் சிவந்தால் அந்தச் சிவப்பு உடம்பில் எதுவரை இறங்குகிறது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஓடும் மனிதர், அதற்கு நடுவில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறார், போட்டோக்களும் அனுப்பியிருக்கிறார். முகத்தசைகளைப் பற்றி டூஷேன் என்ற டாக்டர் எழுதிய பிரெஞ்சுப் புத்தகத்தை டார்வின் 1869-ல் இரவல் கொடுத்தார். அது 1870-ல்தான் திரும்பிப் போயிற்று. வேலைப்பளுவில் கடிதம் தேங்கி நிற்பது உனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை.

நான் சொல்ல வந்தது அவர் எழுதிய விதத்தைப் பற்றி. பொதுப் பக்கவாதம் என்று அப்போது ஒரு நோய். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் மூளைக்கு ஏறுவதால் வருவது என்பது பிறகுதான் உறுதியானது. தனக்குக் கோடி சொத்து இருக்கிறது, தான் பெரிய பதவியில் இருக்கிறேன் என்று நோயாளி குதூகலமாகப் பேசுவார். மற்றவர்கள் அந்தப் பேச்சைத்தான் எழுதுவார்கள். கிரைட்டன் பிரவுன் அதற்கும் முன்னால் தெரிவதைப் பார்த்தார்: வாயின் ஓரங்களிலும் கண்ணின் வெளி ஓரங்களிலும் மெல்லிய நடுக்கம். கீழ் இமைத் தசையும் கன்னத்துத் தசையும் ஓயாமல் துடிக்கும், முகம் சந்தோஷமாக, எல்லோரிடமும் இரக்கம் கொண்டதுபோல இருக்கும். நோய் முற்றி அறிவு முழுக்க மங்கும்வரை அந்தச் சோர்ந்த நல்ல முகம் மாறாது என்று எழுதுகிறார். இரத்தப் பரிசோதனை வர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது, கையில் இருந்தது கண் மட்டும்தான். படிக்கும்போதே அந்த ஆள் என் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

இன்னொன்று எனக்கு அதைவிடப் பிடிக்கும். கடும் மனச்சோர்வில் இருந்த ஒரு பெண்மணியை ஒரு டாக்டரின் மனைவி கவனித்துக்கொண்டிருந்தார். தானும் கணவரும் குழந்தைகளும் செத்துப்போவோம் என்று அந்த நோயாளிக்கு ஓயாத பயம். டார்வினின் கடிதம் கைக்கு வருவதற்கு முந்தின நாள் அந்த மனைவி கிரைட்டன் பிரவுனிடம், இவர் சீக்கிரம் தேறிவிடுவார், முடி படிய ஆரம்பித்துவிட்டது, முரட்டு முடி அடங்கினால் நம் நோயாளிகள் தேறுவதை நான் எப்போதும் பார்க்கிறேன் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். கூட இருந்து தலைவாரி விடுகிறவர்களுக்குத்தான் இது தெரியும். மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதை அப்படியே எடுத்து டார்வினுக்கு அனுப்பினார் பாரு, அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு. நர்ஸும் ஆயாவும் சொல்வதை உன் கடிதத்தில் சேர். அவர்கள் சொன்னது என்றே சேர்.

1872-ல் புத்தகம் வந்தது. டார்வின்-பிரவுன் எழுதியது என்றே போட வேண்டும் என்று டார்வின் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அது மரியாதைக்குச் சொன்னது மட்டும் அல்ல, அந்த அளவுக்குக் குறிப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறார்.

ஆனால் அதே புத்தகத்தில் என்னால் எளிதாகக் கடக்க முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. இருபத்தேழு வயது, கல்யாணமான பெண், வலிப்பு நோய்க்காகச் சேர்த்திருக்கிறார்கள். சேர்ந்த மறுநாள் காலை, அவள் படுக்கையில் இருக்கும்போதே டாக்டர் உதவியாளர்களோடு வருகிறார். பார்த்ததுமே கன்னம், நெற்றிப்பொட்டு, காது வரை அவளுக்குச் சிவக்கிறது, நடுங்குகிறாள். நெஞ்சைப் பரிசோதிக்க உடுப்பின் கழுத்தைத் தளர்த்துகிறார். சிவப்பு மார்பு வரை இறங்குகிறது. எந்தக் கோடு வரை இறங்கியது என்று துல்லியமாகக் குறித்திருக்கிறார். பிறகும் பல தடவை அதே மாதிரி நடந்ததாம்.

கவனிப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் புது இடத்தில் முதல் ராத்திரி தூங்கினாளா, வீட்டில் யார் இருக்கிறார்கள், சுற்றி நின்ற இத்தனை பேரைப் பார்த்து என்ன நினைத்தாள் என்று ஒரு வரி கிடையாது. நம் ஊர் ரவுண்ட்ஸில் ஒரே கட்டிலைச் சுற்றி மாணவர்கள் கூட்டமாக நிற்கும்போது, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஞாபகம்தான் வந்தது. அந்தப் புத்தகத்தில் மயிர் சிலிர்த்து நிற்கும் இன்னொரு பெண்ணின் படமும் இருக்கிறது, அங்கே எடுத்த போட்டோவைப் பார்த்துச் செதுக்கியது. அவளுக்கும் பெயர் இல்லை. இவர்களைப் பற்றி இரண்டு பெரிய மனிதர்கள் எழுதிக்கொண்டதை இவர்கள் படித்திருக்க வழியே இல்லை.

உன் நோயாளி படிக்கப்போகிறார். அதனால்தான் உனக்குக் கை நடுங்குகிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பயந்து, பார்த்ததை விட்டுவிட்டு வாய்ப்பாடு மாதிரி எழுதாதே. 'பிளன்டட் அஃபெக்ட்' (உணர்ச்சி வெளியே அதிகம் தெரியாத நிலை) என்று போட்டால் அவருக்கு ஒன்றும் புரியாது, குடும்ப டாக்டருக்கும் பெரிதாக எதுவும் தெரியாது. 'முக்கால்வாசி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மகளைப் பற்றிக் கேட்டபோது நிமிர்ந்து பேசினீர்கள்' என்று எழுது. அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தாலும் மாற்றம் தெரியும், படிக்கிறவருக்கும் தன்னை ஒருவர் கவனித்துப் பார்த்தார் என்று இருக்கும். நோயின் பெயரை மறைக்க வேண்டாம், ஆனால் அறையில் அவரிடம் நேரில் சொல்லாத எதையும் கடிதத்தில் முதல்முறையாகச் சொல்லாதே. கணவரோ மாமியாரோ தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அதில் ஏற்றிவிடாதே, அப்புறம் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். தற்கொலை எண்ணம் பற்றி எழுதும்போது, முடிந்தால் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது.

டார்வின் கடிதங்களை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அந்த மருத்துவமனையின் பழைய பதிவேடுகள் வேக்ஃபீல்டு ஊரிலேயே, வெஸ்ட் யார்க்‌ஷயர் ஹிஸ்டரி சென்டரில் இருக்கின்றன. லீவு நாளில் ஒரு நடை போய், 1869, 1870-ஆம் ஆண்டு கேஸ் புத்தகங்களைக் காட்டுவார்களா என்று கேள். அந்த வலிப்பு நோய்ப் பெண்ணை அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. அவளைப் போன்றவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்களா என்று மட்டும் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர், ஊர் எல்லாம் எடுத்துவிட்டு, இந்த வாரம் எழுதும் கடிதத்தின் நடையை மட்டும் ஒருமுறை போனில் படித்துக் காட்டு. அப்பா கால்வலி தேவலை என்று சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா