ஈயக் குழாய்க்குள் இருந்த ஈரம்

குன்னூர்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. நானும் அம்மாவும் நலம். மூன்று நாட்களாக ஒரே மூடுபனி. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிலச்சரிவை முன்கூட்டியே சொல்ல மலைச்சரிவில் புதைக்கும் உன் கண்ணாடி இழைக் கருவி, மண்ணில் ஈரம் ஏறியதும் மலை அசைந்ததாகப் பொய் சொல்கிறது. சில நேரம் உண்மையாகவே அசைந்தாலும் வாய் திறப்பதில்லை. ஆனாலும் அடுத்த மாதமே கருவிகளைக் கொடுத்துவிடு, குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் பணம் போட்டவர்கள். "ஜெபம் செய்கிறேன் அப்பா, ஆனால் ஜெபத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இயற்பியல் படித்த உனக்குக் கெல்வின் பிரபு என்றால் வெப்பநிலை அளவு. எனக்கு அவர் கேபிள்காரர். தொலைபேசித் துறையில் கேபிள்களை இணைக்கும் ஜாயிண்டராகச் சேர்ந்து பயிற்சிக்குப் போனபோது, எங்கள் ஆசிரியர் முதல் நாளே அவர் கதையைத்தான் சொன்னார். அப்போது அவர் வெறும் வில்லியம் தாம்சன். 22 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். பழைய மது நிலவறை ஒன்றில் மாணவர்களுக்குச் சோதனைக்கூடம் அமைத்தவர்.

அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போடும் வேலை நடந்த காலம் அது. கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் செய்தி போய்ச் சேரும் தாமதம் நான்கு மடங்காகும் என்று தாம்சன் கணக்குப் போட்டுச் சொன்னார். நிறுவனத்தின் மின் பொறுப்பில் இருந்த ஒயிட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. 1858 ஆகஸ்டில் கம்பி கரை சேர்ந்தது. விக்டோரியா அரசி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய நூறு சொல்கூட இல்லாத வாழ்த்து போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆனது. சைகை மெலிந்து வருகிறதே என்று ஒயிட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் வரை ஏற்றிப் பார்த்தார். ஏற்கெனவே நலிந்திருந்த காப்புறை அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கம்பி செத்துப்போனது.

தாம்சனின் வழி வேறு. பட்டு நூலில் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொங்கவிட்டு, அதன் முதுகில் பொடிக் காந்தத்தை ஒட்டினார். கடலைக் கடந்து வரும் மிக மெல்லிய மின்னோட்டத்துக்கும் அந்தக் கண்ணாடி திரும்பும். அதில் பட்ட விளக்கொளி அளவுகோலில் நகரும். அந்த முனையிலிருந்து உரக்கக் கத்தச் சொல்வதற்குப் பதிலாக, இந்த முனையில் காதைக் கூர்மையாக்கினார். கம்பிக்கு வாங்கிய செம்பு எல்லாம் ஒரே தரமில்லை என்பதையும் அளந்து கண்டுபிடித்தார். தொழிற்சாலையிலேயே சோதித்த பிறகுதான் செம்பை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1865இல் மறுபடி போட்ட கம்பி நடுக்கடலில் அறுந்தது. 1866இல் புதுக் கம்பி கரை சேர்ந்தது. அறுந்து கிடந்த பழையதையும் சுமார் 4 கி.மீ. ஆழத்திலிருந்து கொக்கி போட்டு எடுத்து இணைத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடல் சிலிர்க்கும். கம்பியை ஒட்டிப் பிழைத்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

இனி, அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஐப்பசி மழை. பள்ளத்தில் இறங்கி, காகித உறைக் கேபிளில் ஒரு இணைப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். காகிதம் ஈரம் குடித்திருந்தது, விரலுக்கே தெரிந்தது. கொதிக்கும் மெழுகை இன்னும் இரண்டு முறை ஊற்றி உலர்த்தியிருக்க வேண்டும். இருட்டிவிட்டது, குளிர், கடைசி பஸ் போய்விடும். ஈயக் குழாயைப் போட்டு மூடி, பற்றவைத்து, பதிவேட்டில் "சரி" என்று கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எல்லா இணைப்பும் வேலை செய்தது. அடுத்த மழையில் ஒரு தெரு முழுக்கத் தொலைபேசி ஊமையாகிவிட்டது. மாரடைப்பு வந்த கணவருக்காக ஓர் அம்மாள் மருத்துவரை அழைக்க முடியாமல், மழையில் ஓடியே போயிருக்கிறார். அந்தக் கணவர் பிழைத்துக்கொண்டார், தேவனுக்கு ஸ்தோத்திரம். என்னை யாரும் கேட்கவில்லை. பழி மழைமேல் போனது. அந்த வாரம் ஆலயத்தில் திருவிருந்துக்கு என்னால் எழுந்து போக முடியவில்லை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற வேத வசனம் கடைக்காரர்களுக்கு மட்டும் எழுதியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உன் கருவி தொலைபேசிகூட இல்லை, மகளே. 2009 நவம்பரில் நம் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி மலை சரிந்த அந்த வாரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களுக்கு நீயும் அம்மாவும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். "மலை முன்கூட்டியே சொல்லாதா அப்பா?" என்று அன்றைக்குத்தானே கேட்டாய். உன் கருவி சுவரில் பச்சை விளக்கோடு இருந்தால், அதை நம்பி ஒரு தாய் பிள்ளைகளைத் தூங்கவைப்பாள். அந்த விளக்கு உன் கையெழுத்து.

தாம்சன் தினமும் வகுப்பை ஜெபத்தோடுதான் தொடங்குவார். அதே மனிதர் காப்புரிமைகள் எடுத்தார், கிளாஸ்கோவின் கருவி செய்பவர் ஒருவரோடு சேர்ந்து தொழில் செய்தார், கப்பல் திசைகாட்டியைத் திருத்தி விற்றார், செல்வரானார், சொந்தப் பாய்மரக் கப்பலும் வாங்கினார். பணம் சம்பாதிப்பதில் உனக்குக் கூச்சம் வேண்டாம். அவருடைய ஜெபம் எங்கே பலன் தந்தது என்று கேட்டால், செம்பை அளந்த அந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அவரைப் பிழையற்றவர் என்று சொல்லவில்லை. பூமியின் வயது 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என்று முதுமையிலும் சாதித்தார். அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரியே 1895இல் கணக்கின் அடிப்படையைக் கேள்வி கேட்டார், கிழவர் அசையவில்லை. நம் நீலகிரிப் பாறைக்கே சுமார் 250 கோடி வயது. ஆகையால் உன்னிடம் வேலை செய்யும் சின்னப் பையன் "அளவு தவறு அக்கா" என்றால், எழுந்து போய்ப் பார்.

1896இல் அவர் பேராசிரியராகி ஐம்பதாண்டு நிறைந்ததற்கு விழா எடுத்தார்கள். 55 ஆண்டு உழைப்பைத் தோல்வி என்ற ஒரே சொல்லால் அன்றைக்கு அவர் குறிப்பிட்டார். அவ்வளவு சாதித்தவர் அப்படிச் சொல்ல முடிந்ததென்றால், "இன்னும் சரியாகவில்லை, ஆறு மாதம் வேண்டும்" என்று அந்தப் பணக்காரர்களிடம் நீயும் சொல்லலாம். பணத்தைத் திரும்பக் கேட்டால், என் ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் வங்கியில் இருக்கிறது. அம்மாவுக்கும் சம்மதம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு கருவியோடு வா. வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரத்துக்குக் கீழே சரிவு இருக்கிறதே, அங்கே பள்ளம் நானே வெட்டுகிறேன். மழைமானி ஒன்று வாங்கிவிட்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு மழை அளவையும் உன் கருவி காட்டும் எண்ணையும் நோட்டில் எழுதிவைக்கிறேன். எண் தப்பாக வந்தால் தப்பாகவே எழுதுவேன்.

வரும்போது ஸ்வெட்டரை மறக்காதே. அம்மா வர்க்கி வாங்கிவைக்கிறேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா