மின்கம்பியை அழிக்காத படங்களும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பில் வாசகர்கள் எடுத்த நிலக்காட்சிப் படங்கள் தொடர்ந்து இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியது. எனினும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் மனிதர் இருந்ததற்கான தடமே இல்லை என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மலையைப் படமெடுப்பவர்கள் அடிவாரத்துக் கல்குவாரி தெரியாத கோணத்தைத் தேடிப் போகிறார்கள். ஆற்றைப் படமெடுப்பவர்கள் கழிவுநீர்க் குழாய் வரும் ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். வானத்தின் குறுக்கே போகும் மின்கம்பியோ கைபேசியில் விரலால் தடவியதும் மறைந்துவிடுகிறது. இவ்வாறு கிடைக்கும் படம் அழகாகவே இருக்கலாம். ஆனால் அந்த இடம் அப்படி இல்லை.

மனிதத் தடத்தைக் காட்டும் படங்கள் புதியவை அல்ல. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம், 1826-27 வாக்கில் பிரான்சில் ஒளிப்படக்கலை முன்னோடி நியெப்ஸ் தம் வீட்டின் மேல்மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. அதில் தெரிபவை பெரும்பாலும் கட்டடங்களும் கூரைகளுமே. 1975இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், மனிதர் மாற்றிய நிலத்தையே பொருளாகக் கொண்டு ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதில் பங்கேற்ற ராபர்ட் ஆடம்ஸ், கொலராடோ மாநிலத்தில் வரிசையாக எழுந்த புதுக் குடியிருப்புகளை ஒளிவுமறைவின்றிப் படமாக்கியவர்.

அதைவிட நமக்குப் பயன்படக்கூடியது, ஒளிப்படக் கலைஞர் மார்க் கிளெட்டும் அவர் குழுவினரும் 1977இல் தொடங்கிய பணி என்பேன். நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க மேற்குப் பகுதியில் நில அளவைக் குழுக்களுடன் சென்றவர்கள் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பழைய படங்களை எடுத்தவர்கள் நின்ற இடத்தையே கண்டுபிடித்து, கிளெட் குழுவினர் மீண்டும் படமெடுத்தார்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, பொறுமை வேண்டும். பழைய படத்தில் அருகிலுள்ள பாறையின் விளிம்பு தொலைவிலுள்ள முகட்டின் எந்தப் புள்ளியைத் தொடுகிறதோ, அதே புள்ளியைத் தொடும்வரை இடமும் வலமுமாக நகர்ந்து பார்க்க வேண்டும். பருவமும் நேரமும் ஒத்துவந்தால் நிழல்களும் ஏறத்தாழப் பழைய இடங்களிலேயே விழும். மாறியவை தாமாகவே கண்ணில் படும்.

அப்படித் தெரியும் மாற்றங்கள் எல்லாம் அழிவாகத்தான் இருக்கும் என்பதில்லை. மொட்டையாக நின்ற சரிவில் மரங்கள் வளர்ந்திருக்கலாம்; நாம் இயற்கை என்று வியக்கும் ஏரியே மனிதக் கைகள் வெட்டியதாக இருக்கலாம். நன்மையோ தீமையோ, மறைக்காமல் காட்டும் படமே பிற்காலத்தில் சான்றாக நிற்கும்.

ஆகவே, எதையும் அழிக்காத, சேர்க்காத படங்களுக்கென ஒரு பகுதியைத் தாங்கள் ஒதுக்க வேண்டுகிறேன். ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், எடுத்த நாள், நேரம், நின்ற இடம், பார்த்த திசை ஆகியவற்றை அச்சிடுவதும், வாசகர் வீடுகளில் பழைய படங்கள் இருப்பின் அவற்றை இன்றைய படத்தோடு அருகருகே வெளியிடுவதும் இப்பகுதிக்குப் பெரிதும் வலுச்சேர்க்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்