பயிற்சி முகாமுக்குப் போனவரின் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் மூண்டபோது, வேறு வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படையில் பணியாற்றும் பிராந்திய ராணுவத்தினரை (டெரிடோரியல் ஆர்மி) தேவைக்கேற்பப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை ராணுவத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு வழங்கியது. 'டெரிடோரியல் ஆர்மி' என்ற பெயர் பலருடைய காதில் விழுந்ததே அப்போதுதான். அதற்கு முன், கிரிக்கெட் வீரர் தோனி சீருடையில் நிற்கும் படங்களோடு சரி. நாடே செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தகைய நாட்களில், அழைப்பு வந்த ஊழியரைத் தடுத்து நிறுத்த எந்த முதலாளியும் துணியமாட்டார். யாரும் கவனிக்காத அமைதிக் காலத்தில், ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சி முகாமை ஒட்டித்தான் அங்கே போகும் ஊழியரின் வேலைக்குச் சிக்கல் எழுகிறது.

ராஜாஜி 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்த இந்தப் படை, முழுநேர வேலை தருவதில்லை. அதிகாரியாகச் சேர விரும்புபவர் ஏற்கெனவே வேறொரு தொழிலில் வருமானம் ஈட்டுபவராக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சேர்ந்த பின் ஆண்டுக்கு இரண்டு மாதங்கள் பயிற்சி முகாமுக்குச் செல்ல வேண்டும். ரயில்வே போன்ற துறைகள் தங்கள் ஊழியர்களைக் கொண்டே படைப்பிரிவுகள் வைத்திருப்பதால் அங்கே சங்கடம் குறைவு. தனியார் நிறுவன ஊழியருக்கு அந்த வசதி இல்லை.

சட்டத்தில் குறை என்று முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது. அழைக்கப்பட்ட ஊழியருக்கு வேண்டிய விடுப்பைத் தருவதும், திரும்பியதும் அவர் இடையில் போகாமலே இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அதற்குக் குறையாத நிலையில் அமர்த்துவதும் முதலாளியின் கடமை என்று 1948ஆம் ஆண்டுப் பிராந்திய ராணுவச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. ஆனால் மீறினால் என்ன? விசாரிக்கும் அதிகாரி, மீண்டும் வேலை தரச் சொல்லலாம், அல்லது ஆறு மாத ஊதியத்துக்கு மேற்படாத இழப்பீடு தரச் சொல்லலாம். அந்த உத்தரவுக்கும் பணியாவிட்டால் அதிகபட்ச அபராதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு அஞ்சி ஒரு நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொள்ளும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

தனியார் நிறுவனங்களின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகாமுக்குப் போனதற்காக என்று எழுதி யாரும் வேலைநீக்க உத்தரவு கொடுப்பதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகும். பொறுப்பான வேலை வேறொருவருக்குப் போகும். ஆண்டு மதிப்பீட்டில் 'வருகை குறைவு' என்ற ஒரு வரி ஏறும், பதவி உயர்வு தள்ளிப்போகும். இதை நிரூபிக்கும் சுமையை ஊழியர் தனியாகத் தூக்க முடியாது. அமெரிக்காவில், படைப்பணிக்குப் போகும் ஊழியரின் வேலையைப் பாதுகாக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் புகார்களைத் தொழிலாளர் துறையே விசாரிக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பணியிலிருந்து திரும்பியவரைக் குறிப்பிட்ட காலம்வரை தக்க காரணமின்றி நீக்கவும் முடியாது. நம் சட்டத்துக்கு உடனடித் தேவை இந்த இரண்டும்தான்.

முதலாளிகள் பக்கமும் நியாயம் உண்டு. முகாம் நாட்களுக்கான ஊதியத்தைப் படையே தருகிறது என்றாலும், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒருவர் இரண்டு மாதம் இல்லையென்றால் மற்ற ஒன்பது பேர் அந்த வேலையைப் பங்கிட வேண்டும், அல்லது தற்காலிக ஆள் தேட வேண்டும். கட்டாயப் படைச்சேவை உள்ள சிங்கப்பூரில், பயிற்சிக்குப் போன ஊழியருக்கு நிறுவனம் கொடுத்த சம்பளத்தை அரசிடமிருந்து திரும்பப் பெற வழி இருக்கிறது. இங்கே சிறு நிறுவனங்களுக்கு மாற்று ஆளுக்கான செலவில் ஒரு பகுதியையாவது பாதுகாப்பு அமைச்சகம் ஏற்கலாம். அதற்கு நிதி ஒதுக்கும்வரை, செலவே இல்லாத ஒன்றையாவது உடனே செய்யலாம்: முகாம் தேதிகளை மூன்று மாதங்களுக்கு முன்பே, படைப்பிரிவே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதை விதியாக்கலாம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வாசகர்