பிடிக்காத நாவலை ஏன் படிக்க வேண்டும்?

காரைக்குடி

அன்புள்ள உண்ணாமலைக்கு,

சிகப்பி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பொடி எழுத்தையும் சிரமமில்லாமல் படிக்க முடிகிறது என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்து மனம் நிறைந்தது. அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். பேத்தி கல்யாணத்துக்குத் தை மாதம் நீங்கள் எல்லோரும் ஊருக்கு வரப்போவதால் மற்ற செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தில் நீ கேட்டிருந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுத நினைக்கிறேன். பிடித்த புத்தகங்களைப் படிக்கவே ஆயுள் போதாதபோது, பிடிக்காத வகை நாவல்களை மாதம் ஒன்றாக ஏன் வலிய எடுத்துப் படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஏற்பாடு இப்படி: துப்பறியும் நாவல், அறிவியல் புனைகதை, போர் நாவல், பிறமொழி நாவல், பேய்க்கதை என்று வகைகளைச் சீட்டுகளில் எழுதி ஓர் ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருக்கிறோம். மாதத் தொடக்கத்தில் ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். தனக்குப் பழக்கமான வகை வந்தால் அதைத் திரும்பப் போட்டுவிட்டு வேறு சீட்டு எடுக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறன்று கூடிப் பேசும்போது, அந்த நாவல் எதைச் செய்ய நினைத்தது, அதை எந்த வழியில் செய்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பிடித்தது, பிடிக்கவில்லை என்ற பேச்சுக்கு வர வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே நான் இந்த வட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

என் விருப்பம் உனக்குத் தெரியும். ஒரு வீடு, அதற்குள் நாலைந்து பேர், அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத மனத்தாங்கல்கள், தி. ஜானகிராமனும் ஆர். சூடாமணியும் எழுதிய அந்த உலகத்தில்தான் எனக்கு மூச்சு சீராக வரும். கொலை, துப்பு, மாறுவேடம் என்றால் புத்தகத்தை மூடிவிடுகிறவளுக்கு முதலில் வந்த சீட்டே துப்பறியும் நாவல். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’ எடுத்தேன். அதில் துப்புத் துலக்குகிறவர் திகம்பர சாமியார். ஒரு குடும்ப நாவலில் பாத்திரத்தின் மனம் எப்போது திறக்கும் என்று காத்திருப்போமே, அந்தக் காத்திருப்பை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை மூட்டுவதும், அதைத் தீர்த்துவிடாமல் அடுத்த அதிகாரம் வரை இழுத்துச் செல்வதும்தான் அந்த ஆசிரியரின் வேலை. நீண்ட வாக்கியங்களுக்கும் நீதி போதனைக்கும் நடுவிலும் அந்தப் பிடி தளராமல் இருப்பதைப் பார்த்தபோது, இவருடைய நாவல்களுக்கு அந்தக் காலத்தில் அத்தனை வாசகர்கள் இருந்ததன் காரணம் விளங்கியது.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, உயர்ந்த இலக்கியம், மலிவான கதை என்று தரம் பிரித்துத் தள்ளாமல், துப்பறியும் நாவல், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தன் ரசனைக்கு ஏற்றதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டிருந்தால், நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழர்கள் எதை ஆசையோடு வாசித்தார்கள் என்பதே இன்று பாதி தெரியாமல் போயிருக்கும். படிப்பவர்களுக்கும் அந்தப் பெருந்தன்மை கொஞ்சமாவது வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறிவியல் புனைகதைச் சீட்டுக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைப் படித்தேன். ஆட்சியாளர் ஜீவாவின் படம் எங்கும் தொங்குகிற ஒரு வருங்கால இந்தியா. கணவனைக் காணாமல் தேடும் நிலா. அவளுக்குத் துணையாக வரும் இயந்திர நாய் ஜீனோ. நிலா, சிபி, ரவி என்று எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்கள். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைத்துத் தலைமுறைகளை எண்ணும் நம் ஊரில் இருந்து அதைப் படிக்கும்போது, பரம்பரையின் சுவடே இல்லாத அந்தப் பெயர்கள்தான், கதையில் வரும் எந்தக் கருவியையும் விட, எனக்கு அச்சத்தைத் தந்தன. பேய்க்கதை மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைசிப் பக்கம் வரை படித்தேன். பயமுறுத்துவதற்காக எழுதப்பட்ட கதையில் பயமே இல்லை என்று வட்டத்தில் காரணத்தோடு சொன்னேன்.

பிறமொழிச் சீட்டுக்குத் வங்க எழுத்தாளர் தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, த. நா. குமாரசாமியின் தமிழில். நாடி பிடித்துப் பார்த்து, சாவு எப்போது வரும் என்று சொல்லக்கூடிய முதிய வைத்தியர் ஜீவன் மஷாய். அவருக்கு எதிரே ஆங்கில மருத்துவம் படித்த இளைஞர். நீ இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். சாவை இவ்வளவு மரியாதையோடு பேசும் நாவலை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் என்னை உலுக்கியது போர் நாவல் மாதம்தான். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். இளம் வயதில் இந்தோனேசியாவின் மைடான் நகருக்கு வேலைக்குப் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரும்பி வந்து, மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள்: 1959இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’, 1972இல் வெளிவந்த இது. நம் மண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், போர் என்ற பெயரைக் கேட்டே இத்தனை காலம் நான் அண்டாமல் இருந்த நாவல்.

ஜப்பானியர் மைடானுக்குள் நுழைவதிலிருந்து கதை விரிகிறது. பாண்டியன் அங்கிருந்து பினாங்குக்குப் போகிறான், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், பின்னர் டச்சுக்காரர்களை எதிர்க்கும் இந்தோனேசியக் கெரில்லாக்களோடு சேர்கிறான். தொங்கான் என்ற சரக்குப் பாய்மரக் கப்பல் புயலில் அகப்பட்டுக்கொள்ளும் பகுதியில் வாக்கியங்கள் அறுந்து அறுந்து வருகின்றன. காற்றும் மழையும் கடலும் தவிர மனித நினைவுக்கே இடமில்லாதபடி அந்தப் பக்கங்கள் நகர்கின்றன. அதைத் தாண்டியும் என் மனத்தில் நிற்பது செட்டியார்களின் வட்டிக்கடைகளைப் பற்றிய பகுதிகள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சில் மட்டும் கேட்ட பெயர்கள், அந்த நாவலில் பசியும் ஊர் நினைப்பும் கேலியும் உள்ள மனிதர்களாக நடமாடுகிறார்கள். எங்கள் வீட்டு முகப்பில் ஐயா பினாங்குக் கடையிலிருந்து கொண்டுவந்த கணக்கெழுதும் சாய்வுப் பெட்டி இன்றும் இருக்கிறது. வலது ஓரத்தில் மைக்கூடு வைத்த வட்டக் கறை, மூடியின் நடுவில் முழங்கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பான இடம். தரையில் அமர்ந்து அதன் மேல் குனிந்து பேரேடு எழுதியவர் இரவில் யாரோடு என்ன பேசியிருப்பார் என்று எனக்குக் காட்டியது இந்த நாவல்தான்.

வீட்டின் உள்பகுதியான வளவில் இருந்த பெண்களுக்குக் கடல் தாண்டிப் போனவர்களிடமிருந்து வந்தவை கடிதமும் பணமும் மட்டுமே. நான் விரும்பிப் படிக்கும் குடும்ப நாவல்களும் பெரும்பாலும் அந்த நிலைப்படிக்கு உள்ளேயே நின்று எழுதப்பட்டவை. சிங்காரத்தின் நாவலில் பெண்கள் அந்த அளவுக்குப் பேசுவதில்லை என்பதும் உண்மை. அந்தக் குறையை வட்டத்தில் அழுத்தமாகவே சொன்னேன். என் விருப்பம் இதனால் மாறிவிடவில்லை. இப்போதும் கை முதலில் போவது சூடாமணியின் கதைகளுக்குத்தான். ஆனால் அவற்றைத் திரும்பப் படிக்கும்போது, வீட்டில் இல்லாதவர்கள் அந்நேரம் எங்கே இருந்தார்கள், அவர்கள் அனுப்பிய பணம் என்ன பாடுபட்டு ஈட்டியது என்ற கேள்வி கூடவே வருகிறது. பிடிக்காத வகையைப் படித்ததால் பிடித்த வகையிலேயே எனக்குக் கிடைத்த இந்த வாசிப்புதான் உன் கேள்விக்கு நான் தரக்கூடிய பதில்.

இந்த மாதம் எனக்கு வந்திருப்பது படக்கதை நாவல். கட்டம் கட்டமாகப் படம் போட்ட புத்தகத்தை எந்த ஒழுங்கில் படிப்பது என்பதே எனக்குப் புதிது. உன் பேரன் அவற்றை அலமாரி நிறைய வைத்திருக்கிறான் என்று முன்பு சொல்லியிருந்தாய். அவனிடம் கேட்டு, எனக்கு ஏற்றது என்று அவன் நினைக்கிற ஒன்றைத் தபாலில் அனுப்பச் சொல். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தான் என்று இரண்டு வரி எழுதியும் வைக்கட்டும். ‘ஆரோக்கிய நிகேதனம்’ உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். தை மாதம் வரும்போது வாங்கிக்கொள்.

அன்புடன்,
சிகப்பி