நோமோவையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓதானியைக் கொண்டாடும்போதெல்லாம் அவருக்கு முன்னோடியான ஜப்பானியப் பந்துவீச்சாளர் ஹிதேயோ நோமோவை மறந்துவிடுகிறோம் என்பது என் மனக்குறை. ஓய்வு பெற்றவர் வெளிநாட்டில் ஆடத் தடையில்லை என ஒப்பந்த விதியில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஜப்பானில் ஓய்வு அறிவித்துவிட்டு, 1995-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்தார் அவர். சொந்த நாட்டில் ஏச்சுதான் கிடைத்தது. ஆனால், முதுகை மட்டையாளருக்குக் காட்டிச் சுழன்று வீசும் அந்தச் சூறாவளிப் பாணி! முதல் பருவத்திலேயே 236 முறை மட்டையாளர்களை ஸ்டிரைக் அவுட் செய்து (அதாவது, மூன்று ஸ்டிரைக்குகளில் வெளியேற்றி) சிறந்த புதுமுகம் ஆனார். 1996-இல் டென்வரில் (மெல்லிய காற்றில் பந்து வெகுதூரம் பறக்கும் மைதானம் அது) ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸை அடைவது) கொடுக்கவில்லை. 2001-இல் பாஸ்டன் அணிக்காக மீண்டும் அதையே செய்தார். அவருக்கு முன் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் தொடரான மேஜர் லீகில் ஆடிய ஜப்பானியர் மசனோரி முரகாமி ஒருவர் மட்டுமே. நோமோவைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.