காயத்தைக் கழுவுவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலையடிவாரத் தோட்டமொன்றில் நாட்டுத் துப்பாக்கியால் ஒருவர் இறந்துபோன செய்தியை நம் பத்திரிகையில் படித்தேன். மார்பில் பெரிய ஓட்டை இருந்ததால் மிக அருகிலிருந்துதான் சுட்டிருக்க வேண்டும் என்று நிருபர் எழுதியிருக்கிறார். உடல் அப்போது பெருந்துறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரவில்லை. போஸ்ட்மார்ட்டம் ஆகவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை, போட்டிருந்த சட்டை எங்கே என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை, அதற்குள் தூரத்தை மட்டும் எப்படிச் சொன்னார்கள்? ஈரோடு மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் கேஷுவாலிட்டி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சந்தைக்கடையில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

ஓட்டையின் அளவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. குண்டு நுழைந்த இடம் சிறிதாக, ஓரம் உள்ளே மடிந்து, சுற்றிலும் சிராய்ப்பு வளையத்தோடு இருக்கும், வெளியேறிய இடம் பெரிதாகக் கிழிந்திருக்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் தலையில் துப்பாக்கி முனையை வைத்து அழுத்திச் சுட்டால், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே புகுந்த வாயு போக இடமில்லாமல் தோலை நட்சத்திரம் மாதிரி பிளந்துவிடும், பார்க்கிறவர் அதையே வெளியேறிய காயம் என்று சொல்லிவிடுவார். முதுகு சுவரிலோ கட்டிலிலோ அழுந்தியிருந்தால் வெளியேறிய காயமும் ஓரம் சிராய்த்து நுழைந்த காயம் போலவே தெரியும். அதனால்தான் டாக்டர்கள் எலும்பைப் பார்க்கிறார்கள். பலகையில் ஆணி அடித்தால் அடிப்பக்கம்தானே சிராய் தெறிக்கிறது, மண்டையோட்டிலும் குண்டு நுழைந்த இடத்தில் உள்பக்கம் அகலமாகப் பெயர்ந்திருக்கும், வெளியேறிய இடத்தில் வெளிப்பக்கம்.

தூரம் என்பது இன்னும் நுட்பமான விஷயம். கைத்துப்பாக்கி என்றால் ஏறத்தாழ ஓர் அடிக்குள் சுட்டால் காயத்தைச் சுற்றிப் புகைக்கரி படியும், இரண்டு அடி வரை எரியாத மருந்துத் துகள்கள் தோலில் குத்திப் புள்ளி புள்ளியாக நிற்கும், டாட்டூயிங் என்பார்கள். கரியை ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், புள்ளி போகாது. ஆனால் நம் மலைப்பக்கம் புழங்குகிற நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் போடுவது கரிமருந்து, எரியும்போது பாதிக்கு மேல் புகையும் கரியுமாகவே வெளியே வரும். எவ்வளவு மருந்து, எத்தனை பால்ரஸ் (சிறு உலோகக் குண்டுகள்), அடைப்புக்குத் துணியா தேங்காய் நாரா காகிதமா என்பதெல்லாம் குழலுக்குள் கெட்டிக்கிறவர் கை அளவு. அதே துப்பாக்கி, அதே மருந்து, அதே பால்ரஸ் வைத்து வெள்ளைத் துணியில் வெவ்வேறு தூரத்தில் சுட்டுப் பார்த்து, காயத்தோடும் சட்டையோடும் ஒப்பிட்டால்தான் தடய அறிவியல் துறையினர் ஓரளவு நிச்சயமாகத் தூரம் சொல்ல முடியும். ஆகவே துப்பாக்கியை மட்டும் எடுத்தால் போதாது, மீந்த மருந்தும், காயத்துக்குள்ளோ பக்கத்திலோ கிடக்கிற அடைப்புத் துணுக்கும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சட்டை. கரியையும் துகளையும் சட்டை வாங்கிக்கொள்ளும், உள்ளே தோல் சுத்தமாக இருக்கும். சட்டை இல்லாமல் காயத்தை மட்டும் பார்த்தால், கிட்டத்தில் சுட்டதும் எட்டத்தில் சுட்டது மாதிரியே தெரியும். கறுப்புச் சட்டையில் கண்ணுக்குத் தெரியாத கரியைக்கூட அகச்சிவப்புப் புகைப்படத்தில் பார்த்துவிடலாம், ஈயம் படிந்திருப்பதை ரசாயனச் சோதனையில் கண்டுபிடிக்கலாம், ஆனால் சட்டை கைக்குக் கிடைத்தால்தானே!

பர்கூர் மலையிலிருந்து ஒருவரை இறக்கிக் கொண்டுவந்தார்கள், வயிற்றில் காயம். போட்டிருந்த துணி எங்கே என்று கேட்டேன். “ரத்தத் துணிய வெச்சிருக்கக் கூடாதுன்னு ஆத்துல விட்டுட்டோமுங்க சிஸ்டர்” என்றார் கூட வந்த பெரியம்மா. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலும் காயத்தைக் கழுவித் தைத்துவிட்டு ஏ.ஆர். காப்பியில் (காயத்தைப் பதிகிற விபத்துப் பதிவேட்டு நகல்) ‘துப்பாக்கிக் காயம்’ என்று ஒற்றை வரி எழுதினார்கள். பின்னால் கோர்ட்டில் எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்று கேட்டபோது பதில் சொல்ல டாக்டரிடம் ஒன்றுமே இல்லை. கை தவறி வெடித்ததா வேண்டுமென்றே சுட்டதா என்பது முழுக்க அந்தத் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு டாக்டர் செய்ததையும் சொல்ல வேண்டும். ரத்தம் நிற்க ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்போதே, இவர் கத்தரியை ஓட்டைப்பக்கம் கொண்டுபோகாமல் சட்டையின் பக்கத் தையல் வழியாக வெட்டிக் கழற்றினார். காயத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தார், குதிகாலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளந்து எழுதினார். சட்டையை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டோம் (பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்). உள்ளிருந்து எடுத்த ரவையை வெறும் இரும்பு இடுக்கியால் பிடிக்கவே விடவில்லை. ரைபிள் குண்டாக இருந்தால் குழலின் வரிகள் அதன்மேல் பதிந்திருக்கும், இடுக்கி கீறினால் ஒப்பிட முடியாமல் போய்விடும், அதனால் எதுவாக இருந்தாலும் ஒரே பழக்கம் வேண்டும் என்பார். இதற்கெல்லாம் சிகிச்சை ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. போலீஸுக்காகக் காத்திருக்காமல் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதற்கும் இதற்கும் முரண் கிடையாது.

2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டியில் வீரப்பன் சுடப்பட்டபோது, பத்திரிகையில் வந்த படத்தை வைத்துக்கொண்டே கிட்டத்தில் சுட்டதா எட்டத்தில் சுட்டதா என்று டீக்கடைதோறும் வாதம் நடந்தது. துடைத்த முகத்தில் கரி இருக்காது, அச்சுக் காகிதத்தில் டாட்டூயிங் புள்ளி தெரியாது. படத்தை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது. ஆனால் கேள்வி நியாயமானது. 1970-ல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேரைத் துப்பாக்கிச்சூட்டில் பறிகொடுத்த மண் இது, குண்டு முன்னாலிருந்து வந்ததா பின்னாலிருந்து வந்ததா என்ற கேள்வியின் கனம் இங்கே எல்லோருக்கும் தெரியும். போலீஸ் என்கவுன்டரில் இறந்தவர்களுக்கு இரண்டு டாக்டர்கள் போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் வகுத்தது அதனால்தான். 2024 ஜூலை முதல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது, மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டு வரை அவகாசமும் தருகிறது. நிபுணர் வருகிற வரைக்கும் சட்டையும் காயமும் இருக்குமிடம் நம் தாலுகா ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிதான். அங்கே சுவரில், சட்டையையும் காயத்தையும் எப்படிக் கையாள வேண்டும் என்பதை எழுதி ஒட்டச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புவதற்கு என்ன தடை?

உங்களிடம் கேட்பது இரண்டு. போஸ்ட்மார்ட்டம் அறிக்கை வரும்வரை எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது, எத்தனை அடியிலிருந்து என்பதை எழுத வேண்டாம் என்று நிருபர்களிடம் சொல்லுங்கள். அப்புறம் அந்தியூர், சத்தி, தாளவாடிப் பக்கம் போகிற பதிப்பிலாவது, துணியை எறியாதீர்கள், துவைக்காதீர்கள், உடம்போடு சேர்த்தே கொண்டுவாருங்கள் என்று ஒரு பெட்டிச்செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
கோபிசெட்டிபாளையம்