லாக் ஓப்பெரானோடு நிறுத்திவிட வேண்டாம்: மேல்நிலை உயிரியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் லாக் ஓப்பெரானை, அதாவது லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களைப் பாக்டீரியா தேவைக்கேற்பத் திறந்து மூடும் அமைப்பை, நடத்தி முடிக்கும் நாளில், அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவியாவது எழுந்து, "எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தானே, பிறகு கண் மட்டும் எப்படி மிஸ் கண்ணாகிறது?" என்று கேட்டுவிடுகிறாள். எங்கள் கையிலுள்ள நூலில் அதற்கு ஓரிரு வரிகளுக்கு மேல் விடை இல்லை. அந்தப் பாடம் முழுவதிலும் கேட்கத் தகுந்த கேள்வி அதுவே என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரு மரபணுவின் புரதம் வேறொரு மரபணுவின் அருகே டி.என்.ஏ.யில் அமர்ந்து அதைத் திறக்கவோ மூடவோ முடியும் என்பதை, லாக் ஓப்பெரானை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜேக்கப்பும் மோனாடும் 1961இல் விளக்கினார்கள். நாம் அதைப் பாக்டீரியாவின் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் வளரும் கருவில் இத்தகைய புரதம் ஒன்று பல மரபணுக்களைத் திறக்கிறது. அவற்றுள் சில மேலும் பலவற்றைத் திறக்க, வேறு சில முதலாவதையே மூட, பின்னிப் பிணைந்த ஒரு வலைப்பின்னல் உருவாகிறது. எந்தச் செல்லில் எந்த மரபணுக்கள் திறக்கின்றன என்பதே கண்ணைக் கண்ணாக்குகிறது. கடல் முள்ளெலியின் கருவில் குடலையும் எலும்புக்கூட்டையும் உருவாக்கும் வலைப்பின்னலை எரிக் டேவிட்சன் குழுவினர் 2002இல் வரைபடமாகவே வெளியிட்டனர்.

பரிணாமப் பாடத்துக்கும் இதுவே வாசல். மூன்று முள் ஸ்டிக்கில்பேக் என்னும் சிறு மீனைப் பாருங்கள். கடலில் வாழும் இம்மீனின் வயிற்றுப் பக்கம், நம் கால்களுக்கு இணையான இடத்தில், இரண்டு கூரிய முட்கள் துருத்தி நிற்கும். பனியுகத்தின் முடிவில் உருவான ஏரிகளில் தங்கிவிட்ட பல கூட்டங்களில் அந்த முட்கள் இல்லை. இதற்குப் பொறுப்பான பிட்எக்ஸ்1 மரபணுவின் புரதம் இரு வகை மீன்களிலும் மாறவில்லை. மாறியது, அந்த மரபணுவை இடுப்புப் பகுதியில் மட்டும் இயக்கும் ஒரு துண்டு டி.என்.ஏ.; முள்ளற்ற மீன்களில் அது அறுபட்டுப் போயிருந்தது. டேவிட் கிங்ஸ்லி குழுவினர் 2010இல் அத்துண்டை பிட்எக்ஸ்1 உடன் சேர்த்து, அலாஸ்காவின் பேர் பா ஏரி மீன்களின் முட்டையில் செலுத்தியபோது, முள் இல்லாத அந்தக் குலத்தின் குஞ்சுகளில் இடுப்பெலும்பும் முள்ளும் முளைத்தன. இதை முதன்முறை படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

மரபணுவே சிதைந்திருந்தால், அது வேலை செய்யும் தாடையும் பிட்யூட்டரி சுரப்பியும் சேர்ந்து கெட்டிருக்கும். ஒரே ஒரு இடத்துக்கான இயக்கி மட்டும் போனதால் மீன் பிழைத்தது, உருவம் மாறியது. "சடுதி மாற்றம் என்றாலே புரதம் மாறுவது" என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு மீன் போதும்.

பக்கங்கள் போதவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். விஞ்ஞானிகளின் பட்டியலையும் ஆண்டுகளையும் குறைத்தாலே இடம் கிடைக்கும். அடுத்த திருத்தத்தில் லாக் ஓப்பெரானை அடுத்து இரண்டு பக்கங்கள் கொடுங்கள்; கடல் மீனையும் ஏரி மீனையும் அருகருகே வைத்த ஒரு படம் கொடுங்கள். "புரதம் மாறாமலேயே உருவம் மாறியது எப்படி?" என்ற ஐந்து மதிப்பெண் வினாவையும் பயிற்சிப் பகுதியில் சேருங்கள். வினா இருந்தால்தான் எங்கள் வகுப்பறைகளில் அந்தப் பக்கங்கள் நடத்தப்படும்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை